காதடைப்பு என்று சொல்லிப் பறந்தவள்

ஆந்திரத்துப் புத்தூருக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் முனிரத்தினத்தின் ஒரே மகள் தேவயானி விமானம் ஓட்டுகிறாள் என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அவளுக்குத் தனி மரியாதை கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். மருந்துக்கடையில் நின்றால், "இன்னாம்மா, ஏரோபிளேனை எங்க நிறுத்திட்டு வந்தே?" என்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால், "மேல போய்க்கினு வந்துகினு இருந்தா போதுமா, கீழ ஒரு குடும்பம் வேணாவா?" என்பார்கள். முப்பத்தாறு வயதுக்குள் இந்த இரண்டாவது கேள்விக்குச் சிரித்தபடியே பதில் சொல்லாமல் நகர்ந்துவிட அவள் நன்றாகப் பழகியிருந்தாள். சொல்லாமல் இருப்பதில் அவள் பலே கெட்டிக்காரி. அவளுக்கு வந்த வினையும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் வந்தது.

திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டாவிலிருந்து ஐதராபாத்துக்குப் போய்வரும், இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற சிறிய விமானத்துக்கு அவள் கேப்டன். கம்பெனி விமானத்தை 'என் வண்டி' என்றுதான் சொல்வாள். அந்த வண்டியில் ஒரு சின்னச் சத்தம் மாறினாலும் இறங்கியவுடன் பொறியாளரைப் பிடித்து உலுக்கிவிடுவாள். ஆனால் சொந்த நெஞ்சில் சத்தம் மாறியபோது யாரையும் கூப்பிடவில்லை. திடீரென்று, சுவிட்சைப் போட்டது போல, இதயம் தலைதெறிக்க ஓடும். வலி கிடையாது, மயக்கம் கிடையாது. ஒன்றிரண்டு நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடும். மாதத்துக்கு ஒருமுறை வந்தது, பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்தது.

இதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் விமானிகளுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. விமானம் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும் அல்லவா? பயணிகள் மிட்டாய் சப்புவார்கள். விமானிகள் மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயை இறுக மூடி, உள்ளுக்குள்ளேயே ஊதுவார்கள். காது பட்டென்று திறந்துகொள்ளும். ஒருநாள் கடப்பை மலைகளுக்கு மேலே இறங்க ஆரம்பித்தபோது நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது, காதும் அடைத்திருந்தது. காதுக்காக ஊதினாள். காது திறந்ததா என்று அவள் கவனிக்கவே இல்லை. நெஞ்சின் ஓட்டம் அந்தக் கணமே அடங்கிப்போயிருந்தது.

அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டாக்டரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், இரண்டு விரல் போதும். அதற்குப் பிறகு நெஞ்சு ஓடும்போதெல்லாம் மூக்கைப் பிடித்து ஊதினாள். பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி சாய்குமார், ஏர்பேட்டுக்காரன், பரிவோடு பாதித் தெலுங்கில் கேட்பான்: "ஏன்ட்டி மேடம், சளியா?"

"காதடைப்பு."

"போன வாரமும் காதடைப்புன்னீங்க."

"நீ செக்லிஸ்ட்டைப் படி."

இதைச் சாமர்த்தியம் என்று யாராவது மெச்சினால் அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவள் ஒருத்தியை மட்டும் திட்டிப் பிரயோசனமும் இல்லை. மற்றவர்களுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் டாக்டரைப் போய்ப் பார்ப்பார்கள். விமானிக்கு உடம்பு சரியில்லாவிட்டால் டாக்டர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிவார். டாக்டர் ஒரு வார்த்தை 'தகுதியில்லை' என்று சொன்னால் அன்றோடு தரையில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பயம் அந்தத் தொழிலையே பிடித்த நோய். தேவயானி இரண்டு வருடம் அந்த நோயோடு பறந்தாள். வருடாந்தர மருத்துவச் சோதனை நாட்களில் நெஞ்சு ஓடாமல் இருந்ததும் அவளுக்கு வசதியாகப் போயிற்று.

கடைசியில் ஒரு மத்தியானம், சேஷாசல மலையைத் தாண்டி ரேணிகுண்டாவுக்கு இறங்கும் நேரத்தில், நெஞ்சு ஓட ஆரம்பித்தது. மூக்கைப் பிடித்து ஊதினாள். நிற்கவில்லை. மறுபடி ஊதினாள். மறுபடியும். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. கண்ணின் ஓரங்கள் இருண்டு வந்தன. அதுவரை செய்த தப்புக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சரியான காரியத்தை அப்போது செய்தாள். கையை எடுத்துவிட்டு, "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்றாள். இனி விமானம் உன் பொறுப்பு என்று ஒரு விமானி இன்னொருவருக்குச் சொல்லும் வாசகம் அது.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று வாங்கிக்கொண்ட சாய்குமார் திரும்பிப் பார்த்தான். "காதா மேடம்?"

"காது இல்ல சாய். நெஞ்சு."

ஆம்புலன்ஸ் வேண்டுமென்று அவன் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னான், பூப்போல இறக்கினான். பயணிகளில் பாதிப் பேர் திருமலையில் மலையப்பனைப் பார்க்கும் அவசரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் விமானி அறையில் என்ன நடந்தது என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் இதய நிபுணர் வெங்கடரமணன், நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தபோதே ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு நிறுத்திவிட்டு, அவளுடைய அப்பா அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். "பயப்பட ஒண்ணும் இல்லை. இதயம் துடிக்கிறதுக்குக் கரண்ட் போற பாதை ஒண்ணுதான் இருக்கணும். இவங்களுக்குப் பொறக்கும்போதே ஒண்ணு கூடுதலா இருக்கு. கரண்ட் அதுல திரும்பித் திரும்பிச் சுத்துது."

முனிரத்தினத்துக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. "எங்க போர் மோட்டர் ஸ்டார்ட்டர்லகூட ஒருவாட்டி வயர் ஒண்ணு தப்பா ஒட்டிக்கினு இப்பிடித்தான் சார் ஆச்சு. அறுத்து வுட்டா செரியாப்பூடும்."

"அதேதான். அறுக்கறதுக்குப் பதிலாச் சுடுவோம். தொடையிலேருந்து மெல்லிசா ஒயர் விட்டு, அந்தப் பாதையைத் தேடிக் கண்டுபிடிச்சுச் சுட்டுடலாம்." டாக்டர் தேவயானி பக்கம் திரும்பினார். "அதுக்குள்ள மறுபடி வந்தா ஒரு வழி இருக்கும்மா. மூக்கைப் பிடிச்சு, வாயை மூடி, உள்ளுக்குள்ளேயே ஊதுங்க. சில பேருக்கு நிக்கும்."

தேவயானி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வள்ளியம்மாள் மகளைப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாய்குமாரோடு அந்த அம்மாள் ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தவள்.

"அத்தத்தான் இவ ரெண்டு வருசமா ஊதிக்கினுதான் கீறா சார்" என்றாள். "அந்தத் தம்பி சொல்லிச்சி. எப்பப் பாரு காதடைப்பாம்."



பறக்கும் தகுதி அன்றைக்கே நிறுத்தப்பட்டது. சிகிச்சை முடிந்து, சில மாதம் பார்த்து, பெங்களூரில் மருத்துவக் குழு சோதித்துச் சரி என்று சொன்னால்தான் இனி விமானம். கம்பெனியில் ஐதராபாத் அலுவலகத்தில் ஒரு மேசை வேலை தருகிறோம் என்றார்கள். "இப்போதைக்குத்தானே?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். "அப்ப நான் வீட்டிலேயே இருந்து உடம்பைத் தேத்திக்கறேன் சார். மேசையில உக்காந்தா எழுந்திரிக்க விடமாட்டீங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிடிவாதம் அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மாவின் பிடிவாதம் வேறு திசையில் இருந்தது. சுட்டு முடித்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே வள்ளியம்மாள் சொல்லிவிட்டாள்: "காணிப்பாக்கம் போறோம்."

சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் கொழுக்கட்டைக்கும் குழந்தை வரத்துக்கும் மட்டும் ஆட்கள் போவதில்லை. சத்தியம் செய்யப் போகிறார்கள். குடியை விடுகிறேன் என்று ஒருவன், அந்த நகையை நான் எடுக்கவில்லை என்று ஒருத்தி, குளத்தில் முழுகி ஈரத்துணியோடு சாமி முன்னால் நின்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. கோர்ட்டில் புளுகுகிறவன்கூட அங்கே வாயைத் திறக்க யோசிப்பான். வள்ளியம்மாளின் திட்டம் சுலபமானது. இனி விமானம் ஏறி ஓட்டமாட்டேன் என்று மகள் வாயால் அங்கே ஒருமுறை சொல்ல வைத்துவிட்டால், பெங்களூர் குழு என்ன சொன்னாலும் கவலையில்லை.

தேவயானி எதிர்த்துப் பேசாமல் கிளம்பினாள். அதைப் பார்த்தே முனிரத்தினத்துக்குச் சந்தேகம் வந்தது. இவள் பேசாமல் வந்தால் உள்ளே ஏதோ வைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

குளத்தில் முழுகி, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, சாமி முன்னால் நின்றாள். "சொல்லு" என்றாள் அம்மா.

தேவயானி கையைக் கூப்பி, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: "என் நெஞ்சுல எது ஆனாலும், சின்னதோ பெரிசோ, இனிமே ஒருத்தர்கிட்டயும் மறைக்க மாட்டேன். சத்தியம்."

"ஏய், அதில்லடி! ஓட்டமாட்டேன்னு சொல்லு!"

"சொல்லிட்டேம்மா."

வள்ளியம்மாள் அர்ச்சகரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாள். இது செல்லாது, மறுபடி சொல்லச் சொல்லுங்கள் என்றாள். பின்னால் ஆந்திரா முழுக்க வரிசையில் நின்றிருந்தது. அர்ச்சகர் கற்பூரத் தட்டை நீட்டினார். "பிரமாணம் ஐபோயிந்தம்மா, ஜரகண்டி, ஜரகண்டி" என்று, ஆன சத்தியம் ஆனதுதான், நகருங்கள் என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது காரில் அம்மா, அந்தச் சத்தியம் செல்லாது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முனிரத்தினம் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சத்தியத்துக்கு முதல் சோதனை அடுத்த வாரமே வந்தது. கம்பெனி விசாரணையில் எவ்வளவு காலமாக இது என்று கேட்டார்கள். இரண்டு வருடம் என்றாள். மூக்கைப் பிடித்ததையும் காதடைப்பு என்று சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். கேப்டன் பதவி திரும்பக் கிடைப்பது இனி லேசில்லை என்றார்கள். போகட்டும், பறக்க விட்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாங்காய் கொட்டும் கொட்டகையின் சுவரில் விமானிக்கு முன்னால் இருக்கும் கருவிப்பலகையின் படத்தை ஆளுயரத்துக்கு ஒட்டி வைத்தாள். அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தினமும் காலையில் அதில் உட்கார்ந்து, இல்லாத நெம்புகோலைத் தள்ளி, படத்தில் இருக்கிற பொத்தானை விரலால் தொட்டு, ரேணிகுண்டாவிலிருந்து ஐதராபாத் வரை போய்வருவாள். விமானிகள் கற்றுக்கொள்ளும்போது செய்கிற பயிற்சிதான். காய் ஏற்ற வருகிற கூலிப் பெண்கள் முதல் இரண்டு நாள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு, "எம்மா, இன்னிக்கி எத்தினி பேரு ஏறினாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சிரித்தால் சிரிக்கட்டும், கை மறக்கக் கூடாது என்பதுதான் அவள் கணக்கு.

மாதங்கள் ஓடின. நெஞ்சு ஒழுங்காக இருந்தது. பெங்களூரிலிருந்து தேதியும் வந்துவிட்டது.

அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைவு என்று தேவயானியும் ஒரு கூடையைத் தூக்கிக் கொடுத்தாள். நிமிர்ந்தபோது நெஞ்சு ஓடியது. அவள் யோசிக்கும் முன்பே விரல் இரண்டும் மூக்குக்குப் போய்விட்டன. ஊதினாள். நின்றுவிட்டது. அவ்வளவுதான், நாலு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. லாரிக்கு அந்தப் பக்கம் கூலிப் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

கொட்டகைக்குள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பெங்களூரில் ஒருநாள் முழுக்க நெஞ்சில் கருவி மாட்டுவார்கள், ஓட விடுவார்கள். அன்றைக்கு இது வராமல் இருக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு. வாயை மூடிக்கொண்டு போனால் தேறிவிடலாம். சொன்னால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி சூடு, மறுபடி மாதக்கணக்கில் இந்தக் கொட்டகை. கம்பெனி அதுவரை காத்திருக்குமா என்பதும் தெரியாது. எல்லாவற்றையும்விட, அம்மாவுக்குத் தெரிந்தால் அத்தோடு முடிந்தது. சாமியே சொல்லிவிட்டது என்று ஆரம்பித்துவிடுவாள். தேவயானிக்கு அழுகை வந்தது. சத்தியத்துக்குப் பயந்து அழவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபோது, அதற்குப் பின்னால் எழுபது இருக்கைகள் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. இவ்வளவு நாளும் நாற்காலியில் உட்கார்ந்து பறந்தபோது அவற்றில் உட்காருகிறவர்களை ஒருநாள்கூட ஓர் எண்ணிக்கைக்கு மேல் அவள் நினைக்கவில்லை. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். முதலில் கஷ்டமான ஆளிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம். வள்ளியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எம்மா, இப்ப லாரிகிட்ட நெஞ்சு ஓடிச்சி."

கீரைத் தண்டு கையிலேயே நின்றது. "ரொம்ப நேரமா?"

"இல்ல. கொஞ்ச நேரந்தான். ஊதினேன், நின்னுபூச்சி."

"யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல."

"பெங்களூர்ல கண்டுபுடிச்சிருவாங்களா?"

"அநேகமா மாட்டாங்க."

வள்ளியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்ற நாளிலிருந்து இவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை. பத்து வயதில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்ததையே ராத்திரி சோறு தின்ன முடியாமல் போனபோதுதான் கண்டுபிடித்தாள். "அப்பறம் எதுக்குடி எங்கிட்ட வந்து சொல்றே?" என்று கேட்டாள்.

"மறைக்க மாட்டேன்னு சொன்னேன் இல்ல."

'சாமியே சொல்லிட்டாரு, வுட்டுடு' என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் வள்ளியம்மாளுக்கு வாய்த்திருக்காது. அவள் அதைச் சொல்லவில்லை. கீரையை அப்படியே தட்டால் மூடிவிட்டு எழுந்தாள். "உன் நைனாவ வண்டிய எடுக்கச் சொல்லு. டாக்டர் சாயங்காலம் வரைக்கும் இருப்பாரு. நானும் வரேன்."

டாக்டர் வெங்கடரமணன் கேட்டுக்கொண்டார். சுட்ட இடத்தில் ஓர் இழை பிழைத்திருக்கலாம், சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். "பெங்களூர்ல தேறியிருப்பீங்க" என்றும் சொன்னார். "அதுக்கப்புறம் ஒருநாள் மேல வச்சு வந்திருக்கும்." பெங்களூர் தேதி ரத்தாயிற்று. இரண்டாவது முறை உள்ளே விட்ட ஒயர் அந்த இழையைத் தேடிப் பிடிக்க ரொம்ப நேரம் எடுத்தது. சுட்டு முடித்த பிறகு, வேண்டுமென்றே நெஞ்சை ஓட வைக்கப் பார்த்தார்கள்; மருந்து கொடுத்தும் பார்த்தார்கள். ஓடவில்லை.

மறுபடி கொட்டகை, மறுபடி நாற்காலி. இந்தத் தடவை இன்னும் கடுமையாக உழைத்தாள். விடியற்காலையில் அலிப்பிரிக்குப் போய்ப் படியேறித் திருமலைக்குப் போவாள். வேண்டுதலா என்று கேட்டவர்களிடம், "இல்லீங்க, டிரெட்மில்லுக்குப் பயிற்சி" என்றாள். சொன்னது உண்மை. கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறியதும் உண்மை. நடுவில் கம்பெனி, அவளோடு பறந்த சாய்குமாரைக் கேப்டனாக்கியது. போன் பண்ணி அவனே தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் வாழ்த்திவிட்டுப் போனை வைத்தாள், ஒரு மணி நேரம் தோப்பைச் சுற்றி நடந்தாள். எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய பறப்பை முடித்தாள்.

பெங்களூரில் எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு குழுவின் தலைவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "முதல் தடவை தேதி வாங்கிவிட்டு ஏன் ரத்து செய்தீர்கள்?" கூடையைத் தூக்கியதில் ஆரம்பித்துச் சொன்னாள். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பறக்கலாம் என்றார்கள். ஆனால் கொஞ்ச காலத்துக்கு இன்னொரு கேப்டனோடு, வலது இருக்கையில். துணை விமானியின் இருக்கை அது. தேவயானி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று வாய்விட்டு அழுதாள்.

பயிற்சிகளும் பரிசோதனைப் பறப்புகளும் முடிந்து, அவளுக்கு வந்த முதல் வேலை ஐதராபாத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு. இடது இருக்கையில் கேப்டன் சாய்குமார். வலது இருக்கையில் அவள்.

"மேடம், நீங்க இங்க உக்காருங்கன்னு நானே சொல்லியிருப்பேன்..." என்று அவன் நெளிந்தான்.

"கேப்டன், செக்லிஸ்ட் படிக்கலாமா?" என்றாள் தேவயானி. அவன் சிரித்துவிட்டான்.

இறக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்தான். மலை தெரிந்தது, அதற்கு அப்பால் ரேணிகுண்டாவின் ஓடுதளம் தெரிந்தது. அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு கணம்தான் கவனித்தாள்.

"சாய், எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது."

அவன் கை நெம்புகோலுக்குப் பக்கத்தில் வந்தது. "வாங்கிக்கவா?"

"வேணாம், கவனிச்சிக்கோ. இது சுவிட்ச் போட்ட மாதிரி வரல. மெல்ல மெல்ல ஏறுது. இது சந்தோஷம்." சற்று நேரம் கழித்து, "அடங்குது" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். சக்கரங்கள் தரையைத் தொட்டது சாய்குமாருக்கே தெரியவில்லை என்று அவன் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான்; கொஞ்சம் மிகைதான்.

பயணிகள் இறங்கிய பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். மணி ஒன்றுகூட முழுசாக அடிக்கவில்லை, அம்மா எடுத்துவிட்டாள்.

"எறங்கிட்டேம்மா."

"நெஞ்சு?"

"மேல அடிச்சிக்கினு இருந்துச்சி. சாய்கிட்டச் சொன்னேன். சந்தோஷத்துல வந்ததுதான், அடங்கிடிச்சி."

மறுமுனையில் வள்ளியம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அம்மா கேட்டாள்:

"நாளைக்கி டூட்டி காலையிலயா, மத்தியானமா? சொல்லு, எழுப்பி வுடணும்."